நாய்க் கூண்டுக்குப் போட்ட காப்பிக் களம்

1

"நாய் வழுக்கி உழுந்தா அது யாருகிட்டங்க டீச்சர் போய்ச் சொல்லும்?"

இந்தக் கதை இந்தக் கேள்வியிலிருந்து வந்தது. கேட்டவள் ஆஷ்லின். ஏற்காட்டில் எங்கள் கோயிலில் நான் ஞாயிறு வகுப்பு எடுக்கிறேன். அன்றைக்கு ஜெபம் பற்றிய பாடம். மனதில் இருப்பதை எல்லாம் ஆண்டவரிடம் சொல்லலாம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவள் எழுந்து நின்றாள்.

"ஆண்டவருக்கு நாய் பாசையும் தெரியும் கண்ணு" என்றேன். பிள்ளைகள் சிரித்தார்கள். ஆஷ்லின் சிரிக்கவில்லை.

"அப்ப, எங்கம்மா சோப்பு ஊத்தலைன்னு அது அவருகிட்ட சொல்லியிருக்குமில்லீங்க? அவரு ஏனுங்க யாருகிட்டயும் சொல்லல?"

பதில் இல்லாத இடத்தில்தான் நான் கதை எழுதுவது. சின்னச் சின்ன நன்மைகளை நம்புகிறவள் நான். தாகத்துக்குத் தண்ணீர், மழைக்குக் குடை, பஸ்ஸில் நகர்ந்து கொடுக்கிற இடம், இவற்றால்தான் உலகம் நிற்கிறது என்று எழுதியே பழகியவள். அந்தப் பழக்கத்தோடுதான் இதையும் தொடங்கினேன். போகப் போகக் கை கசந்தது. அந்தக் கசப்பைத் துடைக்காமல் அப்படியே விட்டிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம் இது: "மூடுபனி ஏற்காட்டை ஒரு வெள்ளைப் போர்வைபோல"

இங்கேயே நிறுத்திவிட்டேன். எங்கள் ஊரைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் பனியில்தான் தொடங்குகிறோம். எதைக் காட்டப் பயமோ அதன் மேல் போர்த்தப் பனி வசதி. இந்தக் கதையில் பனிக்கு வேலை உண்டு. ஆனால் அது தரையில் செய்கிற வேலை. வரும்போது சொல்கிறேன்.

இரண்டாவது: "சாந்தாமேரி நல்லவள்."

உண்மைதான். ஆஷ்லினின் அம்மா அவள். ஆனால் ஒருத்தியை நல்லவள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டால், அவளை அடிக்கப் போகிறேன் என்று வாசிக்கிறவர்களுக்குத் தெரிந்துவிடும். அவளுக்கு விழுந்த அடி போதும்.

ஆகவே தரையிலிருந்து தொடங்குகிறேன்.

3

கிளியூர் போகிற சாலையில் ஜெயபிரகாஷ் என்கிறவர் இடம் வாங்கிப்போட்டிருந்தார். சேலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். காரில் நாயோடு வருகிற குடும்பங்களைப் பல லாட்ஜுகளில் உள்ளே விடுவதில்லை என்று கவனித்தார். அவர்கள் ஊர் சுற்றி முடிக்கும்வரை நாயை விட்டுவைக்க ஒரு இடம் கட்டினால் என்ன என்று தோன்றியது. சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே வரிசையாகக் கம்பிக் கூண்டுகள், மேலே தகரக் கூரை. பாக்கி இருந்தது தரை.

தரைக்கு அங்கப்பனைக் கூப்பிட்டார். (அங்கப்பன் நான் வைத்த பெயர். ஏன் மாற்றினேன் என்பது கடைசியில் தெரியும். அவர் மேஸ்திரி என்பதையும் கிளியூர்க்காரர் என்பதையும் மாற்றவில்லை.)

"நாத்தம் அடிக்கக் கூடாது மேஸ்திரி. பைப்பப் புடிச்சா ஒரு ஓட்டத்துல எல்லாம் போயிடணும். வெடிக்கக் கூடாது. எங்காலம் முடியற வரைக்கும் தாங்கணும்."

"காப்பிக் களம் மாதிரி போட்டுரலாமுங்க" என்றார் அங்கப்பன்.

இந்த மலையில் ஒரு மேஸ்திரிக்கு அதைவிடப் பெரிய வாக்கு கிடையாது. எஸ்டேட் எஸ்டேட்டாகக் காப்பிக்கொட்டை காயவைக்கும் களங்களைப் போட்டு வளர்ந்த கை அவருடையது. மரப் பலகையால் கொட்டையை இழுக்கும்போது ஒரு கொட்டைகூடத் தடுக்கி நிற்கக் கூடாது. மழை வந்தால் தண்ணீர் கண்ணுக்குத் தெரியாத வாட்டத்தில், அந்தச் சரிவில், தானாக ஓரத்துக்கு ஓடிவிட வேண்டும். அவர் போட்ட களத்தில் நிலா தெரியும் என்று எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர்கள் சொல்வதுண்டு.

அப்படித்தான் போட்டார். மண்ணைத் திமிசு போட்டு இறுக்கினார். ஜல்லி பரப்பி, அதன் மேல் கனமாகக் கான்கிரீட். வாட்டத்தைப் பின்பக்கம் கொடுத்து, சாக்கடையைக் கம்பிக்கு வெளியே வைத்தார், நாய் அதில் வாய் வைக்காதபடி. கூண்டுகளுக்கு நடுவில் இருந்த குட்டைச் சுவரும் தரையும் சேரும் மூலைகளை அழுக்கு தங்காமல் வளைத்துவிட்டார். வெடிக்காமல் இருக்கக் கட்டம் பிரித்தார். கடைசியில் சிமெண்ட் பால் ஊற்றி, இரும்புக் கரணையால் தேய்த்தார், தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். பிறகு ஈரச் சாக்கு போட்டுத் தண்ணீர் கட்டினார்.

கூண்டு கழுவும் வேலைக்குச் சாந்தாமேரியை வைத்தார்கள். முதல் நாள் அவள் வெறுங்காலோடு உள்ளே போனவள், கம்பியைப் பிடித்துக்கொண்டு திரும்பினாள்.

"ஏனுங்க மேஸ்திரி, எனக்கே காலு போவுது. நாய் எப்பிடிங்க நிக்கும்?"

"உனக்கு ரெண்டு காலும்மா. அதுக்கு நாலு. ரெண்டு போனாலும் ரெண்டு மிச்சம்."

சித்தாள்கள் சிரித்தார்கள். சாந்தாமேரியும் சிரித்தாள். "அப்ப எனக்கும் ரெண்டு காலு வெச்சுக் கட்டி உட்டுருங்க" என்றாள்.

[இந்த இடத்தில் ஒரு குறிப்பு. அங்கப்பன் வேலையில் ஏமாற்றவில்லை. சிமெண்ட்டைக் குறைக்கவில்லை, அவசரப்படவில்லை. தனக்குத் தெரிந்த மிகச் சிறந்ததைச் செய்தார். அதுதான் தப்பு. காப்பிக்கொட்டை நடக்காது. நாய் நடக்கும், நகத்தை ஊன்றி எழும். ஊன்ற ஏதாவது பிடி வேண்டும். களம் வெயிலில் கிடப்பது. இதுவோ தகரத்துக்கும் மரத்துக்கும் கீழே. ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டில் எந்த ஈரமும் காய்வதில்லை. மழை இல்லாத நாளிலும் பனி வந்து தரையை நக்கிவிட்டுப் போகும். பால் போல இருந்த தரையில் கண்ணுக்குத் தெரியாத பாசி ஏறியது.]

4

விழுந்த நாயின் பெயர் பிரின்ஸ். சேலத்துக் குடும்பம் ஒன்றின் கிழட்டு லேப்ரடார். அதை விட்டுவிட்டு அவர்கள் ஏரியில் படகு ஏறப் போயிருந்தார்கள். அவர்களுடைய கார் திரும்பி வரும் சத்தத்தைக் கேட்டு அது எழுந்தது. பின்னங்கால்கள் இரண்டும் இரண்டு பக்கம் விரிந்தன. மறுபடி எழ முயன்றது, மறுபடி விரிந்தன. வாலை மட்டும் ஆட்டிக்கொண்டே இருந்ததாம்.

[அந்த வாலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக் கிழித்துவிட்டேன்.]

இடுப்பு எலும்பு போய்விட்டது. வயசான நாய், தேறாது என்று டாக்டர் கடைசி ஊசியைப் போட்டுவிட்டார். அந்த வீட்டம்மா வந்து ஜெயபிரகாஷைப் பிடித்துக்கொண்டு கேட்டார், எப்படி விழுந்தது என்று.

இப்போது கதையின் கனமான இடம். கூண்டுக்கு முன்னால் ஜெயபிரகாஷ், அந்தச் சேலத்து அம்மா, கையில் வாளியோடு சாந்தாமேரி. பக்கத்தில் ஜெயபிரகாஷின் காட்டேஜுக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த அங்கப்பனையும் கூப்பிட்டார்கள். அந்தக் காட்டேஜ் வேலை அப்போதுதான் அவருக்குக் கிடைத்திருந்தது.

"தரையில ஏதாச்சும் தப்பு இருக்குதா மேஸ்திரி? பாத்துச் சொல்லுங்க" என்றார் ஜெயபிரகாஷ்.

அங்கப்பன் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு காலை உள்ளே வைத்தார். கால் நகர்ந்தது. கொஞ்சம்தான். கம்பியைப் பிடித்திருந்ததால் வெளியே தெரியவில்லை. அவருக்குத் தெரிந்தது. கை போட்டதைக் கால் கண்டுபிடித்துவிட்டது.

"தரையில ஒண்ணுமில்லீங்க" என்றார். "கழுவறவங்க சோப்ப நல்லா அலசி உடோணும்."

"நான் அலசித்தானுங்க உட்டேன்" என்றாள் சாந்தாமேரி. "மேஸ்திரி, நீங்களே மிதிச்சுப் பாத்தீங்களே. சொல்லுங்க."

அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கே அவள் வேலை போனது. அதோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். ஏற்காடு சின்ன ஊர். வேலை கேட்டுப் போன இடத்தில் எல்லாம் அவளுக்கு முன்னால் அந்தக் கதை போய் உட்கார்ந்திருந்தது. சோப்பு ஊற்றி நாயைக் கொன்னவள்.

5

அங்கப்பனைப் பற்றி எனக்குச் சந்தேகம். அவர் அந்த நேரத்தில் காட்டேஜ் வேலையை நினைத்துத்தான் பொய் சொன்னாரா? முதலில் அப்படித்தான் எழுதினேன். பிறகு அடித்தேன். வேலை போகும் என்ற பயம் கொஞ்சம் இருந்திருக்கும். ஆனால் அவர் போட்ட தரை தப்பு என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. அவரும் சொன்னதில்லை. அந்த வார்த்தைகள் அவர் வாய்க்குப் பழக்கமே இல்லை. பழகாத வார்த்தை சமயத்தில் வராது.

ஜெயபிரகாஷைக் கெட்டவராக்கினால் எனக்குச் சுலபம். ஆனால் அவர் நாய்களுக்குத் தன் கையால் சோறு பிசைந்து வைக்கிறவர். கோழி எலும்பைத் தொண்டையில் சிக்காதபடி ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பார். சிறிய நன்மைகள் எல்லாம் அவரிடம் உண்டு. இத்தனை நாள் நான் நம்பி எழுதிய நன்மைகள் ஒரு மனிதரிடம் குறைவில்லாமல் இருந்தும், அவர் இன்னொரு மனுஷியை இப்படி விட்டுவிட முடிகிறது. சரி, மேலே போகிறேன்.

6

ஒண்டிக்கடை முக்கில் ஒரு டீக்கடை. மழைக்கு ஒதுங்கி அங்கப்பன் நின்றிருந்தார். எதிர்ச் சாரியில் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு சாந்தாமேரி போனாள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கூவினான்.

"ஏனுங்க சோப்பு மேரி! நம்ம கடை வாசல்ல மட்டும் கழுவிடாதீங்க. கஸ்டமரெல்லாம் காலு ஒடிஞ்சு போயிருவாங்க!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. நடையும் மாறவில்லை. அதைக் கேட்டுக் கேட்டுப் பழகிவிட்ட நடை.

"என்னங்க மேஸ்திரி, சிரிக்கவே மாட்டீங்கறீங்க? உங்க தரையையே கெடுத்தவங்க அந்தம்மா" என்றான் டீக்காரன்.

அங்கப்பன் பாதி டீயோடு கிளாஸை வைத்துவிட்டு நனைந்துகொண்டே போனார். நேராகக் கிளியூர் சாலை. ஜெயபிரகாஷ் பெரிய தட்டில் சோறு பிசைந்துகொண்டிருந்தார். பக்கத்தில் யாருமில்லை.

"சார், தரை என் தப்புங்க."

"எந்தத் தரை?"

"கூண்டுத் தரைதானுங்க. நொம்ப வழவழப்பாப் போட்டுட்டன். களம் போட்ட கை, அப்பிடியே தேச்சுருச்சு. சோப்பு வெச்சாலும் வெக்காட்டியும் மழைக்கு அது வழுக்கத்தான் செய்யுமுங்க."

"அன்னிக்குக் கேட்டப்ப ஒண்ணுமில்லைன்னீங்க."

"பொய் சொன்னனுங்க."

ஜெயபிரகாஷின் கை சோற்றில் நின்றது. பிறகு மறுபடி பிசைந்தது.

"சேலத்துக்காரங்ககிட்ட வேலைக்காரம்மா தப்புன்னு சொல்லியாச்சு. இப்பப் போயி எங்க தரைதான் தப்புன்னா இனி எவன் இங்க நாயைக் கொண்டாந்து உடுவான்? நீங்க தரையச் சரி பண்ணிக் குடுங்க மேஸ்திரி. சத்தமில்லாமப் பண்ணுங்க. வெளிய பேச வேண்டாம்."

"அந்தம்மா நெலம என்னங்க?"

"புது ஆள் வந்து ஒரு வாரமாச்சுங்களே" என்றார் ஜெயபிரகாஷ், ஒரு எலும்பை வெளியே எடுத்துப் போட்டபடி.

7

இங்கே வாசிக்கிறவர்களை நிறுத்தி ஒன்று கேட்க வேண்டும்.

அந்தத் தரைதான் சாந்தாமேரிக்கு இருந்த ஒரே சாட்சி. மழை நாளில் யார் வேண்டுமானாலும் அதில் கால் வைத்துப் பார்த்து, சோப்பே இல்லாமல் வழுக்குகிறது என்று சொல்லலாம். அதைச் சரி செய்துவிட்டால் அந்தச் சாட்சி போய்விடும். சரி செய்யாமல் விட்டால் இன்னொரு நாய் விழும். நீங்கள் அங்கப்பன் என்றால் என்ன செய்வீர்கள்? கூண்டுகளில் அப்போதும் நாய்கள் இருந்தன.

அவர் தரையைக் கொத்தினார். தன் கையால் நிலா தெரியும்படி தேய்த்ததை உளி வைத்துப் புள்ளி புள்ளியாகக் கொத்தினார். தூசியைக் கழுவி, சிமெண்ட் கரைசல் தடவி, மேலே மெல்லிய கலவை போட்டார். அது பாதி இறுகும்போது, கரணையை எடுக்கவில்லை. தென்னை விளக்குமாற்றை எடுத்தார். வாட்டம் போகிற திசையிலேயே இழுத்தார். குறுக்கே இழுத்தால் கோடுகளில் அழுக்கு தங்கும். வாட்டத்தோடு இழுத்தால் தண்ணீர் அந்தக் கோடுகளிலேயே ஓடிவிடும், நகத்துக்கும் பிடி கிடைக்கும். முதல் கூண்டில் கோடுகள் ஆழமாகிவிட்டன. பாதம் தேயும் என்று அதை வழித்தெடுத்து மறுபடி போட்டார். படுக்க ஒவ்வொரு கூண்டிலும் ஒரு பலகை, தரையின் குளிர் ஏறாதபடி கால் வைத்து.

நல்ல தரை. இப்போதும் இருக்கிறது. உறுதியானது, கழுவச் சுலபமானது, எந்த நாயும் விழவில்லை. அந்தத் தரையைப் பார்க்கிற யாருக்கும், அங்கே முன்பு ஒரு வழுக்குத் தரை இருந்தது என்று தோன்றாது. ஜெயபிரகாஷ் வருகிறவர்களிடம் பெருமையாகக் காட்டுகிறார். "பாருங்க, புது ஆள் வந்ததுக்கப்பறம் ஒரு நாயும் வழுக்கல." இதையும் சாந்தாமேரியின் காதில் யாரோ கொண்டுபோய்ப் போட்டார்கள்.

8

முடிவுகள்.

ஒன்று: அங்கப்பன் ஒண்டிக்கடையில் நின்று எல்லோர் முன்னாலும், மலைச்சாமி சேர்வராயன் மேல் ஆணையாக, தப்பு தன்னுடையது என்கிறார். டீக்கார

[வேண்டாம். இதை நன்றாகவே எழுதியிருந்தேன். ஆனால் அந்த டீக்கடையில் உண்மைக்கும் சிரிப்பார்கள். மேஸ்திரிக்கும் ஒரு பட்டப் பெயர் வைப்பார்கள், சோப்பு மேரி என்ற பெயரும் போகாது.]

இரண்டு: கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் ஜெயபிரகாஷ் ஒரு புடவையோடு சாந்தாமேரி வீட்டுக்கு வருகிறார்.

[எழுதும்போது அழுதேன். மறுநாள் வாசித்தபோது வெட்கமாக இருந்தது. அவர் வரவில்லை. வர மாட்டார்.]

மூன்று: பிரின்ஸ் எழுந்து நிற்கிறது.

[அந்த அதிகாரம் எனக்குத் தரப்படவில்லை.]

9

எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை கொஞ்சம்தான். சாந்தாமேரி இப்போது மாணவியர் விடுதி ஒன்றில் கழுவும் வேலையில் இருக்கிறாள். அங்கே வார்டன் இன்பமேரி. அந்த விடுதியின் குளியலறைகளை இடித்துப் புதுத் தரை போட அங்கப்பனைத்தான் வைத்திருந்தார்கள். சிமெண்ட்டும் மணலும் இறக்கியாகிவிட்டது. ஆனால் தரையைப் போட்டது வேறு ஊரிலிருந்து வந்த மேஸ்திரி. சாந்தாமேரிக்கு வேலை கிடைத்ததும், அங்கப்பனுக்கு வேலை போனதும் ஒரே வாரத்தில்.

சாந்தாமேரி கோயிலில் எழுந்து நின்று ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள். நானும் ஆமென் சொன்னேன். பிறகு இன்பமேரியைத் தனியாகக் கேட்டேன்.

"ஆள் வேணும்னு இருந்துச்சு, வெச்சேன்" என்றார். "மேஸ்திரிய மாத்துனது வேற விசயம் டீச்சர். அதக் கேக்காதீங்க."

ஆகவே, கூண்டுப் பக்கம் அவரும் ஜெயபிரகாஷும் தனியாகப் பேசியதைப் போலவே இனி வருவதற்கும் சாட்சி கிடையாது. நான் அங்கே இல்லை. அவர்கள் இருவரும் சொல்ல மாட்டார்கள். இது என் நம்பிக்கை, அவ்வளவுதான். உங்களுக்கு வேறு முடிவு உண்மையாகப் பட்டால் அதை வைத்துக்கொள்ளுங்கள். நான் சண்டைக்கு வர மாட்டேன். ஆனால் நான் சொன்னது நடந்திருந்தால், அந்த மனிதர் தன்னைக் காட்டிக்கொள்ள விரும்பவில்லை என்று அர்த்தம். அதனால்தான் பெயரை மாற்றினேன்.

பகல். பிள்ளைகள் எல்லாம் பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். இடித்த குளியலறையில் அங்கப்பன் மட்டம் பார்க்க நூல் கட்டிக்கொண்டிருக்கிறார். இன்பமேரி வாசலில் வந்து நிற்கிறார்.

"நொம்பக் கவனமாப் போடுங்க மேஸ்திரி. பொம்பளப் புள்ளைங்க ஓடித் திரியற இடம். கழுவ ஒரு ஆளும் பாக்கறேன். அந்தச் சாந்தாமேரி வந்து கேட்டுட்டுப் போச்சு. பாத்தா பாவமாத்தான் இருக்குது. ஆனா அந்தச் சோப்புக் கதை தெரிஞ்சும் எப்பிடிங்க வெக்கறது? வேண்டாம்னு சொல்லி உட்டுடலாம்னு இருக்கேன்."

நூல் கையில் இருக்கிறது. பேசாமல் அடுத்த முளையில் கட்டலாம். ஒரு தடவை பேசாமல் இருந்தவருக்கு இரண்டாம் தடவை சுலபம்.

"சோப்பு இல்லீங்க" என்கிறார் அங்கப்பன். "தரை. நான் போட்ட தரை."

இன்பமேரி அவரைப் பார்க்கிறார்.

"வழுக்கற மாதிரி போட்டது நானுங்க. கேட்டப்ப அந்தம்மா மேல தள்ளி உட்டதும் நாந்தான்."

"இது யாருக்கெல்லாம் தெரியும்?"

"கூண்டு கட்டுன சாருக்குத் தெரியும். இப்ப உங்களுக்கு."

வார்டன் தரையைப் பார்க்கிறார், இடித்த செங்கல்லை, கட்டிய நூலை. "அந்தம்மாவ நாளைக்கே வரச் சொல்றேன்" என்கிறார். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நெனைச்சுக்காதீங்க மேஸ்திரி. இத்தனை புள்ளைங்க இருக்கறாங்க. இந்தத் தரைய வேற ஆளை வெச்சுப் போட்டுக்கறேன்."

வழுக்காத தரை எப்படிப் போடுவது என்று இந்த மலையில் இப்போது அவரைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது. அதைச் சொல்ல வாய் வரைக்கும் வருகிறது. சொன்னால், முன்னால் சொன்னது பேரமாகிவிடும்.

"அதுதானுங்க சரி" என்கிறார். "நான் சொன்னேன்னு அந்தம்மாவுக்குத் தெரிய வேண்டாமுங்க."

வார்டன் உள்ளே போய்விடுகிறார். அங்கப்பன் முளைகளைப் பிடுங்கி, நூலைச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு வெளியே வருகிறார். தூறல் விழ ஆரம்பித்திருக்கிறது. வாசலில் அவருக்காக இறக்கிய சிமெண்ட் மூட்டைகள் மூடாமல் கிடக்கின்றன. தார்ப்பாயை இழுத்து அவற்றின் மேல் மூடுகிறார். காற்றுக்குப் பறக்காமல் சுற்றிலும் கல் வைக்கிறார். ஒரு மூலை மட்டும் எட்டவில்லை. மூட்டையை நகர்த்தி அதையும் உள்ளே தள்ளிவிட்டு, பஸ்ஸுக்கு நடக்கிறார்.